இரும்புப் பட்டறைக்கு வேலை அட்டவணை மென்பொருள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்புக் கல்லடியில் என் மாமாவின் வெல்டிங் பட்டறையில் பதினொரு ஆண்டுகள் கணக்கு எழுதினேன். கணக்கு எழுதப் போனவள், நாளடைவில் "எங்கள் கேட் எப்போது முடியும்?" என்று தொலைபேசியில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்பவளாகிவிட்டேன். "நாளை மறுநாள்" என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகிவிட்ட பிறகுதான் அட்டவணை மென்பொருள் பக்கம் போனேன். இப்போது காத்தான்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரை சில பட்டறைகளுக்கு இதைத் தொடங்கிக் கொடுத்திருக்கிறேன். போகும் இடமெல்லாம் அதே சந்தேகங்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதிப் பதில் தந்திருக்கிறேன்.

பிள்ளை, இது கணக்குப் பார்க்கிற மென்பொருள்தானே?

இல்லை ஐயா. கணக்கு மென்பொருள் நடந்து முடிந்ததைச் சொல்லும்: எவ்வளவு இரும்பு வாங்கினோம், யார் பாக்கி. அட்டவணை மென்பொருள் இனி நடக்க வேண்டியதைச் சொல்லும்: எந்த வேலை, எந்தக் கிழமை, எந்த இடத்தில், யார் கையில். இடம் என்று சொல்வது வெட்டும் மேசை, வெல்டிங் மேசை, தகடு மடிக்கும் இயந்திரம், பெயின்ட் அடிக்கும் கொட்டில் போன்றவற்றை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளில் இத்தனை மணி நேரம்தான் என்று ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை மீறி வேலையை ஏற்றினால் மென்பொருள் எச்சரிக்க வேண்டும். சில மென்பொருள்கள் ஒரே வெல்டரின் தலையில் ஒரே நாளில் முப்பது மணி நேர வேலையைக் கட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும். அப்படிப்பட்டது வெறும் நாட்காட்டி.

திரையில் கிடையாகப் பட்டை பட்டையாகத் தெரிகிற படத்தைப் பார்த்து மிரள வேண்டாம். ஹென்றி கான்ட் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1910களில் பரப்பிய முறை அது. அவர் தாளில்தான் வரைந்தார்.

நாங்கள் நான்கு பேர்தான் தங்கச்சி. இது பெரிய கம்பனிகளுக்கு உரியது அல்லவா?

ஆட்களை எண்ணாதீர்கள், முற்றத்தில் அரைகுறையாக நிற்கும் வேலைகளை எண்ணுங்கள். ஐந்தாறு வேலை என்றால் முதலாளியின் தலையே போதும். பன்னிரண்டைத் தாண்டும்போது ஏதாவது ஒன்று சுவரோரம் சாய்ந்து நின்று மறக்கப்படும், துருப் பிடிக்கும், உரியவர் வந்து சத்தம் போடும்போது நினைவுக்கு வரும். அந்த நிலைக்கு வந்த பட்டறை நான்கு பேருடையதாக இருந்தாலும் இது தேவை.

நான் எல்லாவற்றையும் சி.ஆர். கொப்பியில் எழுதுகிறேன். அதில் என்ன குறை?

ஒரு குறைதான்: வேலை வந்த வரிசையில்தான் கொப்பி இருக்கும், செய்ய வேண்டிய வரிசையில் இருக்காது. திங்களன்று அவசரமாக ஒரு வேலை வந்து நுழைந்தால், அதனால் பின்தள்ளப்பட்ட மற்ற ஏழு வேலைகளின் திகதியையும் யார் மாற்றி எழுதுவது? யாரும் எழுதுவதில்லை. பழைய திகதியையே வாடிக்கையாளருக்குச் சொல்லிக்கொண்டிருப்போம்.

கொப்பியை வீசிவிட வேண்டாம். அளவும் கைப்படமும் அதிலேயே இருக்கட்டும். மென்பொருளில் கொப்பியின் பக்க எண்ணை மட்டும் குறித்தால் போதும். கறை படிந்த அந்தப் பக்கத்தில் இருக்கும் அளவை எந்தத் திரையைவிடவும் பாஸ்மார், அதாவது கைதேர்ந்த வேலைக்காரர்கள், நம்புவார்கள். அந்த நம்பிக்கையோடு மல்லுக்கட்டுவதில் பயன் இல்லை.

சரி, எதை வாங்குவது? இலவசமாக ஏதும் கிடைக்குமா?

முதல் மூன்று மாதம் எதையும் வாங்க வேண்டாம். கூகுள் ஷீட்ஸில் ஒரு விரிதாள் போதும். கைத்தொலைபேசியில் திறக்கலாம், தமிழில் எழுதலாம், இணைப்பு இல்லாதபோதும் வேலை செய்யும்படி அமைத்துக்கொள்ளலாம். எழுத்தும் எண்ணும் பார்த்தாலே எரிச்சல் வருகிறவர்களுக்கு ட்ரெல்லோ என்ற செயலி பொருந்தும். ஒவ்வொரு வேலையும் ஓர் அட்டை. அளவு, இரும்பு, வெட்டு, ஒட்டு, பெயின்ட், பொருத்தல் என்ற நிரல்களில் அட்டையை விரலால் தள்ளிக்கொண்டு போகலாம். ஆனால் மணி நேரத்தைக் கூட்டிப் பார்த்து "இந்தக் கிழமை நிரம்பிவிட்டது" என்று ட்ரெல்லோ தானாகச் சொல்லாது.

அதற்கு மேலே போனால் ஓடூ, ஈஆர்பி நெக்ஸ்ட் என்று இரண்டு திறந்த மூல (மூல நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடிய) மென்பொருள்கள் உண்டு. முன்னது பெல்ஜியத்திலிருந்தும் பின்னது இந்தியாவிலிருந்தும் வந்தவை. இரண்டிலும் வேலையிடம், வேலை நேரம், விடுமுறைப் பட்டியல் எல்லாம் பதியலாம். ஓடூவின் இலவசப் பதிப்பில் அந்தப் பட்டைப் படம் வராது, கட்டணப் பதிப்பில்தான் வரும். ஈஆர்பி நெக்ஸ்ட் முழுவதும் இலவசம், ஆனால் அதை நிறுவிப் பராமரிக்க விடயம் தெரிந்த ஒருவர் வேண்டும். இரண்டும் ஒரே பொருளைத் திரும்பத் திரும்பச் செய்கிற தொழிற்சாலையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு மாதிரி கேட் செய்கிற நமக்கு, ஒவ்வொரு கேட்டுக்கும் புதிதாகப் பொருட்பட்டியல் எழுதுவது தண்டனை. உழவு இயந்திரப் பெட்டியை ஒரே அளவில் மாதம் பத்துச் செய்கிற பட்டறை என்றால் கதை வேறு.

முதல் நாள் உட்கார்ந்து எதையெல்லாம் பதிவது?

முற்றத்தைச் சுற்றி நடந்து, கண்ணில் படும் முடியாத வேலைகளை மட்டும் பதியுங்கள். பழைய வேலைகள் வேண்டாம். ஒரு வேலைக்கு ஒரு வரி: பெயர், ஊர், கொப்பிப் பக்கம், கொடுப்பதாகச் சொன்ன திகதி, இப்போது நிற்கும் கட்டம், இன்னும் எத்தனை மணி நேர வேலை மிச்சம், எதற்காகக் காத்திருக்கிறது. இந்தக் கடைசி நிரலை யாரும் முக்கியமாக நினைப்பதில்லை. எனக்கு அதுதான் உயிர். ஏன் என்று கீழே வெல்டரைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

பொக்ஸ் பார் (சதுரக் குழாய்) எத்தனை, தகடு எத்தனை என்று இருப்புக் கணக்கையும் அன்றே தொடங்கப் பார்ப்பவர்கள் உண்டு. தொடங்கியவர்கள் மூன்றாம் நாள் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு கேட்டுக்கு எத்தனை மணி நேரம் என்று எப்படி முன்கூட்டியே சொல்வது? ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி அல்லவா?

இதுதான் எல்லோரும் தடுக்கி விழும் இடம், அதனால் சற்று நீளமாகவே சொல்கிறேன். பாஸிடம் கேட்டால் "ஒரு நாள் வேலை" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. எல்லாப் பொருளும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்து, யாரும் கூப்பிடாமல், வெட்டும் வட்டும் வெல்டிங் குச்சியும் தீராமல் இருந்தால் ஒரு நாள்தான். அப்படி ஒரு நாளை நான் பதினொரு ஆண்டுகளில் கண்டதில்லை.

ஆகவே இரண்டு கிழமைக்கு எதையும் மாற்றாமல், நடந்ததை மட்டும் எழுதுங்கள். சுவரில் ஒரு தாள், கயிற்றில் ஒரு பென்சில். வேலையைத் தொட்டபோது நேரம், விட்டபோது நேரம். எங்கள் பட்டறையில் அப்படி எழுதியபோது இரண்டு விடயங்கள் தெரிந்தன. எட்டு மணி நேரம் நிற்கிற வெல்டர் உண்மையில் வேலையில் கை வைத்திருந்தது சராசரியாக ஐந்தரை மணி நேரம். மிச்சம் தேநீர், தொழுகை, கிரைண்டருக்குக் காத்திருத்தல், வந்தவரோடு பேசுதல், லொறியில் இருந்து இரும்பு இறக்குதல். இதில் சோம்பல் எதுவும் இல்லை, பட்டறை என்றால் அப்படித்தான். ஆகவே மூன்று வெல்டர் இருந்தால் அட்டவணையில் 24 மணி நேரம் போடக் கூடாது, 16 போட வேண்டும். இந்த ஒரு திருத்தத்தை மட்டும் செய்துவிட்டு மென்பொருளை மூடிவைத்தாலும் உங்கள் வாக்குகள் பாதி காப்பாற்றப்படும்.

இரண்டாவது, ஒவ்வொரு கேட்டும் ஒவ்வொரு மாதிரி என்பது அலங்காரத்தில்தான். மணி நேரத்தில் அவை நான்கைந்து வகைக்குள் அடங்கிவிட்டன: சிறிய கதவுக் கேட், இரட்டைக் கேட், தள்ளு கேட், பூ வேலை நிறைந்த கேட், யன்னல் கிறில். ஒவ்வொரு வகைக்கும் இரண்டு கிழமையில் கண்ட சராசரியைப் போடுங்கள். ஒன்று கூடும், ஒன்று குறையும். கிழமை முடிவில் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறையச் சரியாக வரும்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை, பக்கத்துப் பட்டறைக்கு ஞாயிறு. மென்பொருளுக்கு இது விளங்குமா?

விளங்கும், நீங்கள் சொல்லிக்கொடுத்தால். ஷீட்ஸிலும் எக்ஸெலிலும் "ஒர்க்டே" குடும்பத்தில் ஒரு சூத்திரம் உண்டு. அதன் முழுப் பெயர் WORKDAY.INTL, ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சிட வேண்டும். தொடக்கத் திகதி, எத்தனை வேலைநாள், வார விடுமுறை, விடுமுறைப் பட்டியல் என்ற நான்கையும் கொடுத்தால் முடியும் திகதியைத் தரும். வார விடுமுறையை ஏழு இலக்கங்களாக மேற்கோள் குறிக்குள் எழுதலாம். திங்களில் தொடங்கும். 0 என்றால் வேலை, 1 என்றால் விடுமுறை. வெள்ளி விடுமுறைக்கு 0000100, ஞாயிறுக்கு 0000001. காத்தான்குடிப் பட்டறைக்கும் செங்கலடிப் பட்டறைக்கும் அந்த இலக்கங்களை மாற்றினால் போதும், விரிதாள் ஒன்றேதான்.

விடுமுறைப் பட்டியலில் போயா நாட்கள், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, பெருநாட்கள், மாமாங்கத் தீர்த்தம் எல்லாம் போடுங்கள். நோன்பு மாதத்தை விடுமுறையாகப் போட வேண்டாம், நாளொன்றுக்கான மணி நேரத்தைக் குறையுங்கள். நோன்பு ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே வரும். 2025இல் மார்ச் மாதத்தில் வந்தது. பெரும்போக அறுவடையும் அதே காலம்தான். வேலை கூடுகிற மாதத்திலேயே மணி நேரம் குறைகிறது. இது தெரியாமல் தை மாதத்தில் வாக்குக் கொடுத்தவர்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

வாடிக்கையாளர் வாசலில் நின்று "எப்போது தருவீர்கள்?" என்கிறார். அப்போது மென்பொருளைத் திறந்து பார்த்துக்கொண்டா நிற்பது?

திறக்கத் தேவையில்லை. முற்றத்தில் நிற்கும் வேலைகளின் எண்ணிக்கையைக் கிழமைக்கு முடிக்கிற எண்ணிக்கையால் வகுத்துச் சொல்லுங்கள். 18 வேலை நிற்கிறது, கிழமைக்கு 6 முடிகிறது என்றால் புதிதாக வருபவர் ஏறக்குறைய மூன்று கிழமை காத்திருக்க வேண்டும். ஜோன் லிட்டில் என்ற அமெரிக்கர் 1961இல் கணிதமாக நிறுவியது இது. வங்கி வரிசைக்கும் பொருந்தும், பட்டறைக்கும் பொருந்தும். மூன்று கிழமை என்று சொல்லி வைத்துவிட்டு, மாலையில் அட்டவணையில் பொருத்திப் பார்த்துத் திகதியை வொட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

இதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். புதிய வேலைகளை ஒரே நேரத்தில் தொடங்கிக்கொண்டே போனால், ஒவ்வொன்றும் முடிய எடுக்கும் காலம் நீண்டுகொண்டே போகும். முற்பணம் வாங்கியதற்கு அடையாளமாக நான்கு குழாயை வெட்டிப் போட்டு வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. வாடிக்கையாளருக்கு அது ஆறுதல், பட்டறைக்கு இடைஞ்சல்.

சின்ன வேலையை முதலில் முடிப்பதா, பெரிய வேலையை முதலில் முடிப்பதா?

12 மணி நேரக் கேட், 4 மணி நேரக் கிறில், 1 மணி நேரப் பழுது பார்த்தல். மூன்றும் ஒருவர் கையில். பெரியதிலிருந்து தொடங்கினால் அவை 12, 16, 17ஆம் மணியில் முடியும், சராசரி 15. சின்னதிலிருந்து தொடங்கினால் 1, 5, 17. சராசரி ஏழே முக்கால்கூட இல்லை. மொத்த வேலை இரண்டிலும் 17 மணி நேரம்தான், ஆனால் இரண்டாவதில் இருவர் சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

ஆனால் சின்னதையே செய்துகொண்டிருந்தால் பெரிய கேட் முற்றத்திலேயே கிழடாகிவிடும். அதற்கு மறு மருந்து, கொடுக்க வேண்டிய திகதி வரிசையில் செய்வது. ஒரே ஆளிடம் வரிசையில் நிற்கும் வேலைகளை அப்படிச் செய்தால், ஆக மோசமாகத் தாமதிக்கிற வேலையின் தாமதம் இயன்ற அளவு குறைவாக இருக்கும் என்று 1955இல் ஜாக்சன் என்பவர் நிறுவியிருக்கிறார். நான் வைத்திருக்கும் வழக்கம்: திகதி வரிசைதான் சட்டம். காலையில் முதல் ஒரு மணி நேரம் மட்டும் சின்னப் பழுதுகளுக்கு.

வெல்டர்தான் போதவில்லை. இன்னும் ஒருவரைச் சேர்த்தால் எல்லாம் சரிவராதா?

எங்கள் மாமாவும் இதையேதான் சொன்னார். "எதற்காகக் காத்திருக்கிறது" என்ற நிரலை ஒரு மாதம் நிரப்பிய பிறகு எண்ணிப் பார்த்தேன். 19 வேலை நின்றது. வெல்டருக்காகக் காத்திருந்தவை 3. அளவு எடுக்க, விலை சொல்ல, வடிவத்தை முடிவு செய்ய, இரும்பு எடுத்து வர என்று காத்திருந்தவை 11. இந்த நான்கு வேலைகளையும் செய்கிறவர் ஒரே ஆள், மாமா.

ஆகவே அவரையும் ஒரு வேலையிடமாக அட்டவணையில் சேர்த்து, நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் என்று எல்லை போட்டேன். அவருடைய வரி அடுத்த மூன்று கிழமைக்கும் சிவந்து நின்றது. மாமா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், வீடு வீடாகப் போய் அளவு எடுக்கும் வேலையைத் தன் மூத்த பாஸுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். புதிய வெல்டர் யாரையும் எடுக்கவில்லை. அதன் பிறகு நான் போன பட்டறைகளில் பாதிக்கு மேல் இதே கதைதான். முதலாளியின் பெயரை அட்டவணையில் எழுத எல்லோருக்கும் கை கூசுகிறது.

அப்படியானால் வெல்டர் சில நேரம் சும்மா நிற்பாரே? சம்பளம் வீண் அல்லவா?

வேலை தேங்குகிற இடம் எதுவோ, அந்த இடம்தான் சும்மா நிற்கக் கூடாது. மற்றவர்கள் சில நேரம் நின்றால் நட்டம் இல்லை. தேங்குகிற இடத்தில் ஒரு மணி நேரம் போனால் முழுப் பட்டறைக்கும் ஒரு மணி நேரம் போனது என்று 1980களில் கோல்ட்ராட் என்ற இஸ்ரேலிய இயற்பியலாளர் வாதிட்டார். பட்டறைக்காரர்களுக்கு இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், நானும் முதலில் சுளித்தேன். வெல்டர் சும்மா நிற்கிறாரே என்று அடுத்த மாத வேலையை வெட்டிக் கொடுத்தால், முன்பு சொன்னதுபோல் முற்றம்தான் நிரம்பும்.

அறுவடை வந்தால் எல்லாம் குழம்பிவிடும். அட்டவணை போட்டு என்ன பயன்?

அறுவடை திடீரென்று வருகிற விருந்தாளி இல்லையே. பெரும்போக ஆரம்பக் கூட்டத்திலேயே நீர் திறக்கும் திகதி முடிவாகிறது, அதை வைத்து எந்தப் பக்கம் எப்போது அறுவடை என்று விவசாயிகளே சொல்லிவிடுவார்கள். கல்லோயாத் தண்ணீரை நம்பிய சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கப் பட்டறைகளுக்குச் சிறுபோகமும் அப்படித்தான். ஆகவே அரிசி ஆலைகளுக்கான வேலையைப் பின்னிருந்து முன்னாக எண்ணுங்கள். பெப்ரவரி 1இல் எலவேட்டர் (நெல்லை மேலே ஏற்றும் இயந்திரம்) ஓட வேண்டும் என்றால், பொருத்த 2 நாள், பெயின்ட் 2, ஒட்டு 4, வெட்டு 1, தகடு வந்து சேர 5. பதினான்கு வேலைநாள் முன்னே, நடுவில் தைப்பொங்கலையும் கழித்துக்கொண்டு, தொடங்க வேண்டும். முன்பு சொன்ன சூத்திரத்தில் நாட்களைக் கழித்தல் குறியோடு போட்டால் அது பின்னோக்கி எண்ணித் தரும்.

அறுவடைக் காலத்தில் உடைந்த பெட்டியோடும் முறிந்த அச்சோடும் வருகிறவரைத் திருப்பி அனுப்ப முடியாது. அனுப்பவும் கூடாது, அவருடைய நெல் வயலில் கிடக்கிறது. ஆகவே அந்த ஆறேழு கிழமைக்கு நாளொன்றுக்கு 16 மணி நேரத்தில் 6 மணி நேரத்தை வெறுமையாக விட்டுவையுங்கள். கேட், கிறில் எல்லாம் மிச்சமுள்ள 10 மணி நேரத்துக்குள். அந்த வெற்றிடத்தை மாமா மூன்றாம் நாளே ஒரு தெரிந்தவரின் கேட்டுக்குக் கொடுத்துவிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கார்த்திகை மார்கழி மழையில் பெயின்ட் காயாது, மின்சாரமும் போய்விடும். இதை மென்பொருளில் எப்படிப் போடுவது?

காயும் நேரத்தைத் தனிக் கட்டமாகப் போடுங்கள். அதற்கு ஆள் தேவையில்லை, ஆனால் இடமும் நாளும் தேவை. ரெட் ஒக்சைட் (துருத்தடுப்பு அடிப்பூச்சு) பூசிய இரட்டைக் கேட் கொட்டிலில் நின்றால் அடுத்த கேட்டுக்கு இடம் இல்லை. பூச்சு வேலையில் பொதுவாகச் சொல்லும் அளவு, காற்றின் ஈரப்பதன் 85 வீதத்தைத் தாண்டினால் பூசக் கூடாது, இரும்பின் வெப்பம் பனிநிலையை (காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பத்தை) விடக் குறைந்தது 3 பாகை செல்சியஸாவது கூட இருக்க வேண்டும் என்பது. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற நமக்கு மழைக்காலத்துக் காலைகள் பெரும்பாலும் இதில் தோற்றுவிடும். ஆகவே நவம்பர் முதல் ஜனவரி வரை பெயின்ட் கட்டத்துக்கு இரட்டிப்பு நாள் கொடுக்கிறேன்.

மின்சாரத்துக்கு ஒரு நிரல்: "மின்சாரம் தேவையா, ஆம் அல்லது இல்லை." அளவெடுத்தல், குறியிடுதல், காஸ் கட்டிங், பெயின்ட், ஏற்றி இறக்குதல் எல்லாம் இல்லை. மின்சாரம் போனதும் அந்த நிரலை வடிகட்டிப் பார்த்தால் அன்றைக்குச் செய்யக்கூடியவை மட்டும் தெரியும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தபோது எங்களிடம் இந்த நிரல் இருந்திருந்தால், ஆட்கள் வாசலில் உட்கார்ந்து வீதியைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்க மாட்டார்கள்.

லேத் வேலைக்கு வெளியே கொடுக்கிறோம், துத்தநாகம் பூசக் கொழும்புப் பக்கம் அனுப்புகிறோம். அது நம் கையில் இல்லையே?

வெளி வேலையையும் ஒரு வேலையிடமாகப் பதியுங்கள், ஆனால் மணி நேரத்தில் இல்லாமல் நாளில். போன திகதி, வந்த திகதி இரண்டையும் எழுதிவந்தால் ஐந்தாறு தடவைக்குப் பிறகு அவர்கள் சொல்லும் நாளும் உண்மையான நாளும் தெரிந்துவிடும். அட்டவணையில் உண்மையான நாளைப் போடுங்கள். கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். ஒரு கேட்டுக்காக லொறி போகாது, ஆகவே அனுப்பும் நாளை மாதத்தில் இரண்டு என்று நிலையாக வைத்துவிட்டால் மற்றவை அதற்கேற்ப அடங்கும்.

பாஸ்மார் எழுத மாட்டோம் என்கிறார்கள். என்ன செய்வது?

எழுதச் சொல்லாதீர்கள். வேலை முடிந்ததும் ஒரு படம் எடுத்து வொட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லுங்கள். படம் வந்த நேரமே முடிந்த நேரம். மாலையில் ஒருவர் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் விரிதாளில் ஏற்றிவிடலாம். இன்னொன்று, மணி நேரத்தை வைத்து யாருடைய சம்பளத்தையும் வெட்டாதீர்கள். ஒரு தடவை வெட்டினால் அன்றிலிருந்து வருகிற எண்கள் எல்லாம் உங்களைத் திருப்திப்படுத்த எழுதப்பட்டவையாக இருக்கும்.

ஒரு பொத்தானை அழுத்தினால் சிறந்த வரிசையைக் கணினியே தரும் என்று விற்பனைக்கு வந்த தம்பி சொன்னார். உண்மையா?

நல்ல வரிசை தரும், சிறந்த வரிசை என்று சொன்னால் கவனமாக இருங்கள். 10 வேலைகள், 10 இயந்திரங்கள் என்று ஒரு கணக்கை 1963இல் ஃபிஷர், தொம்சன் என்ற இருவர் வெளியிட்டார்கள். ஆகக் குறைந்த நேரத்தில் முடிக்கும் வரிசை எது? விடை 930 நேர அலகு என்பதை கார்லியே, பின்சன் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் நிறுவியது 1989இல். இருபத்தாறு ஆண்டுகள். அங்கே மின்வெட்டும் கிடையாது, வெல்டரின் மச்சானுக்குக் கல்யாணமும் கிடையாது. இன்றைய கணினிகள் எவ்வளவோ வேகமானவை என்பது உண்மை, ஆனால் நாம் கொடுக்கும் மணி நேரங்களே ஏறக்குறையத்தான் என்னும்போது மயிரிழை பிசகாத வரிசையால் என்ன லாபம்?

அந்தத் தம்பியிடம் இப்படிக் கேளுங்கள்: "நாளை காலை ஒரு வெல்டர் வரவில்லை. எத்தனை நிமிடத்தில் புதிய திகதிகளைப் பார்க்கலாம்?" அதை உங்கள் முன்னாலேயே செய்து காட்டினால் மேலே பேசலாம்.

தெரிந்தவர்கள் வந்து "என்னுடையதை முதலில் முடித்துத் தாருங்கள்" என்கிறார்கள். மறுக்க முடியாதே?

மறுக்க வேண்டாம். திரையை அவர் பக்கம் திருப்பி, அவருடைய வரியை மேலே இழுத்துக் காட்டுங்கள். எந்தெந்தத் திகதிகள் தள்ளிப்போகின்றன என்பது அவர் கண்முன்னே தெரியும். சிலர் "சரி, அடுத்த கிழமை தாருங்கள்" என்று போய்விடுவார்கள். போகாதவர்களும் உண்டு. அப்போது தள்ளிப்போன மூவருக்கும் அன்று மாலையே அழைத்துச் சொல்லிவிட வேண்டும். அந்த மூன்று அழைப்பையும் முதலாளியே எடுக்கட்டும். சலுகை கொடுக்கும் கை தானாகவே கொஞ்சம் இறுகும்.

ஆறு மாதம் நடத்திவிட்டேன். பலன் இருக்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

இரண்டு எண்கள். சொன்ன திகதியில் கொடுத்த வேலைகள் நூற்றுக்கு எத்தனை, ஒரு வேலை வந்து போக எடுக்கும் சராசரி நாட்கள் எத்தனை. பணக் கணக்கை இதோடு கலக்காதீர்கள், இரும்பு விலை ஏறி இறங்குவதில் அது மறைந்துவிடும்.

பிறகு, தாமதமான வேலைகளுக்கு எதிரே ஏன் தாமதம் என்று ஒரு சொல் எழுதி வந்திருப்பீர்கள் அல்லவா, அதை எண்ணுங்கள். எங்கள் பட்டறையில் முதல் ஆறு மாதத்தில் அதிகமாக வந்தது "இரும்பு இல்லை" என்பது. எந்த மென்பொருளையும் மாற்றவில்லை. அடுத்த கிழமைக்கு வேண்டிய பொக்ஸ் பார், ஆங்கிள் அயன் பட்டியலைச் சனிக்கிழமை மாலையே இரும்புக்கடைக்கு வொட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினோம். இப்போது அதிகமாக வருவது "அளவு பிழை". மூத்த பாஸ் இன்னும் அளவுநாடாவில் அங்குலப் பக்கத்தையும் மில்லிமீற்றர் பக்கத்தையும் மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு மில்லிமீற்றர் மட்டும் உள்ள நாடா ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.